மரப்பலகைச் சமையல் மேடையில் தெரியும் புட்டியும் இயற்கைக் குறைகளும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மரப்பலகையால் ஆன சமையல் மேடையைப் பொருத்திச் சில மாதங்கள் ஆனதும் கோலாலம்பூர் வீட்டுக்காரர்கள் பலர் ஒரே வகையான கவலைகளைச் சொல்வதுண்டு. மரத்தின் குழிகளை அடைக்கப் பூசும் நிரப்புப் பசையான புட்டி, பொருத்திய அன்று கண்ணில் படாமல் இருந்து, இப்போது வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. கணுவைச் சுற்றி ஒரு கீறல் ஓடியிருக்கிறது. அங்கங்கே ஊசித்துளைகள் தெரிகின்றன. உடனே ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு டப்பா புட்டி வாங்கி வந்து பூசிவிடலாம் என்று தோன்றும். அவசரமாகப் பூசிய அந்த இடங்களே பின்னால் பெரிய தொல்லையாகின்றன. ஆகவே காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே பலகையில் கை வைக்க வேண்டும் என்பதை முதலிலேயே வற்புறுத்திச் சொல்கிறேன்.

மரத்தில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாமே பழுது ஆகிவிடாது. தண்ணீரைத் தேக்குகிறதா, துடைக்கும் துணியை மாட்டி இழுக்கிறதா, நாளாக நாளாக வளர்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் விடை ‘இல்லை’ என்பதானால் அது அந்த மரத்தின் இயல்பான அடையாளம். அதை விட்டுவிடுவதே நல்லது. விடை தெரிய அதிகக் கருவிகள் வேண்டியதில்லை. விரல் நகத்தை அந்த இடத்தின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து ஐந்து நிமிடம் கழித்து அது உள்ளே இறங்கியதா என்று பாருங்கள். கீறலாக இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதியை எழுதி வையுங்கள். இந்தத் தேதிக் குறிதான் மூன்றிலும் மிக முக்கியமானது, பலரும் செய்யாமல் விடுவதும் இதுவே.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மேடை எந்த மரம், அதன் மேல் இருப்பது எண்ணெய்ப் பூச்சா, பாலியூரித்தேன் போன்ற படலப் பூச்சா என்பதே அது. எண்ணெய்ப் பூச்சு என்றால் ஒரு சாண் அளவு இடத்தை மட்டும் தேய்த்து, திரும்ப எண்ணெய் விட்டுச் சரிசெய்ய முடியும். படலப் பூச்சில் அப்படிச் செய்தால் ஓரம் தெரியும். பெரும்பாலும் ஒரு முழுப் பலகையின் நீளத்துக்கும் தேய்க்க வேண்டி வரும். கீழே சொல்லும் முறைகள் முதன்மையாக எண்ணெய் அல்லது மெழுகெண்ணெய் பூசிய மேடைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

புட்டி மரத்தைவிட வெளிறித் தெரிகிறது

மிக அதிகமாகக் காணப்படும் அறிகுறி இதுதான். பொருத்தியவர் நிறம் பார்க்காமல் பூசிவிட்டார் என்று பழி சொல்வார்கள். பெரும்பாலும் அன்றைக்கு நிறம் பொருந்தியே இருந்திருக்கும். பிறகு மாறியது மரம். வெளிச்சம் பட்டும் காற்றுப் பட்டும் மரத்தின் நிறம் ஆழமாகிக்கொண்டே போகும். ரப்பர் மரம் வெட்டிய புதிதில் பாலேட்டின் நிறத்தில் இருந்து பிறகு வைக்கோல் நிறத்துக்கு வரும். மெர்பாவு மஞ்சள் கலந்த பழுப்பில் தொடங்கிச் செம்பழுப்பாகக் கறுக்கும். எண்ணெய் பட்டால் இந்த ஆழம் இன்னும் கூடும். புட்டியோ எண்ணெயை அவ்வளவாக உறிஞ்சாது, வெளிச்சத்துக்கும் மரத்தைப் போல மாறாது. எனவே முதல் நாள் பொருந்திய நிறம் ஆறு மாதத்தில் தனியே பிரிந்து நிற்கிறது.

புட்டி உறுதியாக ஒட்டியிருந்தால் அதைத் தோண்டி எடுக்க வேண்டாம். தோண்டும்போது குழியின் விளிம்பு உடைந்து, முன்பிருந்ததைவிடப் பெரிய திட்டாகிவிடும். அந்த இடத்தை மட்டும் 180 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து எண்ணெய்ப் படிவை நீக்கி, தூசியைத் துடைத்துவிட்டு, மெல்லிய தூரிகையால் புட்டியின் மேல் நிறம் தீட்டுங்கள். மண் நிறமிப் பொடியை ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சில் குழைத்தும் தீட்டலாம், ஓவியர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் வண்ணத்திலும் தீட்டலாம். ஒரே நிறத்தை முழுவதும் அப்பினால் அது திட்டாகவே இருக்கும். முதலில் மரத்தின் வெளிர்நிறத்தை அடியில் கொடுத்து, அது காய்ந்ததும் பக்கத்திலுள்ள ரேகைகள் புட்டியின் மேலும் தொடர்ந்து ஓடுவது போல இரண்டு மூன்று கருமையான கோடுகளை இழுக்க வேண்டும். பார்ப்பவரின் கண் ரேகையைப் பின்தொடர்ந்து போகும்போது புட்டி மறைந்துவிடும். வண்ணம் நன்கு காய்ந்த பிறகு மேலே எண்ணெய் அல்லது மெழுகெண்ணெய் பூசுங்கள்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காய்ந்த மரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு துணியில் வெள்ளை ஸ்பிரிட் நனைத்து மரத்தின் மேல் தடவினால், எண்ணெய் பூசிய பின் அது எந்த நிறத்துக்கு வரும் என்பது சில நொடிகளுக்குத் தெரியும். அந்த ஈர நிறத்தையும்விட ஒரு படி கருமையானதையே எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தைவிடக் கருமையான புள்ளி கணுவாகவோ ரேகையின் நிழலாகவோ கண்ணுக்குப் படும். வெளிறிய புள்ளிக்கு மரத்தில் அப்படி ஒரு சாயல் இல்லாததால், அது எப்போதும் ஒட்டுப்போட்ட இடமாகவே தெரியும். எந்தப் புட்டிக்கும் நான் சொல்லும் முதல் விதி இதுவே.

புதிய மேடையாக இருந்தால் நிறம் தீட்டுவதற்கு முன் சில மாதங்கள் பொறுத்திருப்பது நல்லது. அந்தக் காலத்தில் வெட்டுப்பலகை, ரைஸ் குக்கர், மசாலாப் பெட்டி போன்றவற்றை ஒரே இடத்தில் நிலையாக வைக்காமல் அவ்வப்போது நகர்த்துங்கள். அவற்றின் அடியில் வெளிச்சம் படாத மரம் வெளிறியே இருந்து, புட்டியைவிடப் பெரிய திட்டாகத் தெரியக்கூடும்.

புட்டியைச் சுற்றி மங்கலான வட்டம் இருக்கிறது

புட்டி சிறியதாக இருந்தும் அதைச் சுற்றி நான்கு மடங்கு இடம் மங்கித் தெரிந்தால், பூசும்போது வழிந்த புட்டி மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிட்டது என்று பொருள். மெர்பாவு, கெம்பாஸ் போன்ற மரங்களில் இந்தத் துளைகள் பெரியவை என்பதால் மேலோட்டமாகத் தேய்த்தால் புட்டி போகாது. 120 எண் தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, ரேகையின் போக்கிலேயே, துளைகள் திறந்து தெரியும் வரை தேய்க்க வேண்டும். பிறகு 180 எண் தாளால் சீராக்கி எண்ணெய் பூசலாம். இனிமேல் பூசும்போது குழியைச் சுற்றி ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டுப் பூசினால் இந்தத் தொல்லையே வராது.

இதே போன்ற மங்கல், புட்டி இல்லாத இடத்திலும் வரும். மிக நுண்ணிய தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்ட பகுதி எண்ணெயைக் குறைவாகவே ஏற்கும். எண்ணெய் பூசும் மேடைக்கு 180 எண் தாளோடு நிறுத்திக்கொள்வது போதும்.

புட்டி குழிந்துவிட்டது அல்லது மேடாக நிற்கிறது

தண்ணீர் கலந்த புட்டி உலரும்போது சுருங்கும். ஆழமான குழியை ஒரே தடவையில் நிரப்பினால் மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே ஈரம் தங்கி, பின்னர் நடுப்பகுதி உள்வாங்கும். 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான குழியை அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் முழுதாகக் காய்ந்த பிறகே நிரப்புங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், டப்பாவில் எழுதியிருக்கும் உலரும் நேரத்தைவிடக் கூடுதலாகவே காத்திருக்க வேண்டும். மழை பெய்யும் மாலையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. மேடாக நிற்பதற்குக் காரணம் தேய்த்த முறை. மெத்தென்ற அட்டை வைத்த இயந்திரத்தால் தேய்த்தால் மென்மையான மரம் அதிகமாகவும் கடினமான புட்டி குறைவாகவும் தேயும். தட்டையான கட்டையில் தாளைச் சுற்றிக் கையால் தேய்த்தால் சமமாகிவிடும்.

பூசிய புட்டி விரிசல் விடுகிறது, பெயர்ந்து வருகிறது

இந்த அறிகுறியைத்தான் மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டாவது முறையும் புட்டி வெடித்தால், அந்த இடத்தில் மரம் அசைகிறது. அந்த அசைவுக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எத்தனை முறை பூசினாலும் பயன் இல்லை.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தண்ணீரை ஏற்றும், இழக்கும். கோலாலம்பூரில் சன்னல் திறந்திருக்கும் அறையில் வைத்த மரத்தின் ஈர அளவு ஏறத்தாழ 15, 16 விழுக்காட்டில் நிலைகொள்ளும். நாள் முழுவதும் குளிரூட்டி ஓடும் கொண்டோ வீட்டில் அது 10 முதல் 12 விழுக்காடு வரை இறங்கும். இந்த இறக்கத்தில் பலகை அகல வாக்கில் சுருங்கும். நீள வாக்கில் ஏறக்குறைய மாற்றமே இருக்காது. 600 மில்லிமீட்டர் அகலமுள்ள மேடை சில மில்லிமீட்டர் சுருங்குவது இயல்பு. மழைக்காலத்தில் வாசற்கதவு இறுகிப் போய், வெயில் காலத்தில் தானாகத் தளர்வதும் இதே காரணத்தால்தான். அகலம் மாற இடமில்லாதபடி பலகையைக் கீழேயுள்ள அலமாரியோடு இறுக்கித் திருகியிருந்தால், அது தன் பலவீனமான இடத்தில், அதாவது கணுவின் ஓரத்திலோ பழைய வெடிப்பிலோ புட்டி நிரப்பிய குழியிலோ பிளந்துகொள்ளும்.

ஆகவே புட்டியை விட்டுவிட்டு முதலில் அலமாரிக் கதவுகளைத் திறந்து, கையில் டார்ச் விளக்கோடு மேடையின் அடியைப் பாருங்கள். திருகுகள் வட்டத் துளையில் இறுக்கமாக இருந்தால், முன்வரிசையை அப்படியே விட்டுவிட்டு, பின்வரிசையிலுள்ள பிடிப்புத் தகடுகளின் துளைகளை அகல வாக்கில் நீள்துளையாக மாற்றி, வட்டத் தகடு வைத்து மிதமாக மட்டும் முடுக்க வேண்டும். பலகையின் அடிப்பக்கத்தில் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே மூன்று முறை எண்ணெய் பூசிவிட்டு அடியை வெறுமனே விட்டிருப்பது மிகப் பரவலான குறை. அப்படி விட்டால் ஒரு பக்கம் ஈரத்தை வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஏற்று, பலகை வளைந்து புட்டியை நெரிக்கும். கழுவுதொட்டிக்காக வெட்டிய துளையின் விளிம்பைக் கையால் தடவுங்கள். அங்கே வெட்டுமுகம் திறந்திருந்தால், மரத்தின் நீளவாக்குக் குழாய்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே வெகுதூரம் போய்விடும். அந்த விளிம்பை நன்கு உலரவிட்டு, எபாக்ஸியாலோ (இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) பல முறை பூசிய எண்ணெயாலோ மூடுங்கள்.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் உடனே நிரப்ப வேண்டாம். தேதியிட்ட பென்சில் குறியை ஒரு வறண்ட பருவத்துக்கும் ஒரு மழைப் பருவத்துக்கும் பாருங்கள். பினாங்கில் இருப்பவர்களுக்கு இது எளிது: அங்கே சனவரி, பிப்ரவரி வறட்சியும் செப்டம்பர், அக்டோபர் மழையும் தெளிவாகப் பிரிந்திருக்கும். கோலாலம்பூரில் ஏப்ரலையொட்டியும் நவம்பரையொட்டியும் மழை கூடும். குறியைத் தாண்டிக் கீறல் வளரவில்லை என்றால் எபாக்ஸியால் நிரப்பலாம். வளர்ந்தால், கீறலின் குறுக்கே இரட்டைப் புறா வால் வடிவில் வெட்டிய கடின மரத்துண்டைப் பதித்துப் பூட்ட வேண்டும். அது தச்சரின் வேலை. இரு முனையும் அகன்று நடு ஒடுங்கிய அந்தத் துண்டு கீறல் மேலும் பிளக்காமல் பிடித்துக்கொள்ளும். அதை மறைக்கத் தேவையில்லை. சுத்தமாகப் பதித்த துண்டு மேடைக்கு அழகுதான்.

பல்வரிசை போன்ற இணைப்புக் கோடுகள் தெரிகின்றன

ரப்பர் மரப் பலகைகளில் சிறு துண்டுகளை விரல் கோத்தது போல இணைத்து ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் வேறு வேறு மரத்திலிருந்து வருவதால், சில வெளிர்நிறத்திலும் சில பழுப்பிலும் இருப்பது இயல்பு. கோடு தெரிவது பழுது ஆகாது. கோட்டில் நகம் மாட்டினால் மட்டுமே பழுது. ஒட்டுப் பிரிந்த இணைப்பைப் புட்டியால் மூடாமல், சூப்பர் குளூ எனப்படும் மெல்லிய சயனோ பசையையோ நீர்த்த எபாக்ஸியையோ அதில் இறங்க விட்டு, இறுகிய பின் தேய்க்க வேண்டும். நீளமான இணைப்பு முழுவதும் பிரிந்திருந்தால் பலகையைக் கழற்றித் திரும்ப ஒட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த மரத்தின் குறைகளை நம் மக்கள் கொஞ்சம் பரிவோடு பார்க்கலாம் என்பது என் எண்ணம். 1877இல் மலாயாவுக்கு வந்த கன்றுகளில் தொடங்கிய ரப்பரின் கதையில் நம் முன்னோரின் உழைப்பு கலந்திருக்கிறது. 25, 30 ஆண்டுகள் பால் எடுத்த பின் வெட்டிய மரம் நீண்ட காலம் அடுப்பெரிக்கவே பயன்பட்டது. பால்வெட்டுக் காயம் ஆறிய மரத்தில் ரேகை நேராக ஓடாது. பால்குழாயின் கருங்கோடு அங்கங்கே தெரியும். அவை மரத்தோடு பிறந்தவை, நிரப்ப வேண்டியவை அல்ல.

கணு ஆடுகிறது, கணுவில் ஓட்டை இருக்கிறது

விரலால் அழுத்தும்போது அசையும் கணுவைப் பிடுங்க வேண்டாம். சுற்றியுள்ள இடுக்கைப் பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்து, மெல்லிய எபாக்ஸியைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதை அதே இடத்தில் நிலைநிறுத்துங்கள். மறுபக்கம் வரை ஓட்டை போயிருந்தால் முதலில் அடியில் ஒட்டுத்தாளை அழுத்தி ஒட்டுங்கள். இல்லையெனில் பிசின் முழுவதும் அலமாரிக்குள் வடிந்துவிடும்.

தூங்குமூஞ்சி மரத்தின் முழுப்பலகையை மேடையாகப் போட்டிருப்பவர்களுக்கு இந்தப் பகுதி மிகவும் பயன்படும். சுவார் என்ற பெயரில் விற்கும் அந்தப் பலகைகளில் பொந்துகளும் பிளவுகளும் பெரியவை. நடுவிலுள்ள கருமையான வைரம் என்ற உள்மரத்துக்கும் ஓரத்திலுள்ள வெளிறிய வெளிமரத்துக்கும் நிற வேறுபாடும் மிகுதி. பொந்தில் எபாக்ஸியை ஒரேயடியாக ஊற்றினால் இரண்டு கேடுகள் வரும். ஒன்று, மரத்தின் துளைகளிலுள்ள காற்று பிசினுக்குள் குமிழியாக எழும்பி நிலைத்துவிடும். இதைத் தவிர்க்க, முதலில் பொந்தின் சுவர் முழுவதும் மெல்லிய பிசின் பூசி, அது பிசுபிசுப்பாக இறுகிய பிறகே நிரப்ப வேண்டும். மேலெழும் குமிழிகளை வெப்பக்காற்றுக் கருவியால் தூரத்திலிருந்து மெல்லச் சூடுகாட்டி உடைக்கலாம். இரண்டாவது கேடு, நம் ஊர் வெப்பத்தில் பிசின் விரைந்து இறுகுவது. மொத்தமாகக் கலக்கிக் கிண்ணத்திலேயே வைத்திருந்தால் அது தானே கொதித்துப் புகையும். சிறு சிறு அளவாக, பாத்திரத்தில் எழுதியுள்ள விகிதம் தவறாமல் கலக்குங்கள், ஒரு முறை ஊற்றும் ஆழத்துக்கும் அதில் குறிப்பிட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். நிறமற்ற பிசின் பொந்தின் உள்ளேயுள்ள அழுக்கையும் குமிழியையும் அப்படியே காட்டும். கருநிறமி சில சொட்டுகள் கலந்தால் நிரப்பிய இடம் கணுவாகவே தோன்றும். வண்ண வண்ணப் பிசின்கள் கடைகளில் கிடைத்தாலும், சமைக்கும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவருக்குக் கருப்பையே நான் பரிந்துரைப்பேன்.

ஊசித்துளைகள் தெரிகின்றன

துளைகளைக் கண்டதும் பயப்படவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். இரண்டு வகை உண்டு. முதல் வகையில் துளையின் உட்சுவர் கறுத்திருக்கும், பொடி எதுவும் இராது. மரம் பச்சையாக இருந்தபோதே பூஞ்சையைச் சுமந்து நுழைந்த வண்டுகள் விட்டுச் சென்ற தடம் அது. வெளிர்சிவப்பு மெரந்தியில் இது மிகவும் சாதாரணம். மரம் உலர்ந்தபின் அந்த வண்டுகளால் அதில் வாழ முடியாது. ஆகவே துளைகளைக் கடினமெழுகால் அடைக்கலாம் அல்லது அப்படியே விட்டுவிடலாம்.

இரண்டாவது வகைதான் ஆபத்தானது. துளை சுத்தமாகவும் புதிதாகவும் இருக்கும், அதன் கீழே அரிசிமாவு போன்ற மிக நுண்ணிய பொடி விழும். இதைச் செய்பவை உலர்ந்த மரத்தின் மாவுச்சத்தைத் தின்னும் உளுப்பு வண்டுகள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதாலேயே அறுத்த சில நாட்களுக்குள் ஆலைகளில் போரான் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தச் சிகிச்சை சரியாக நடக்காத பலகையில் உளுப்பு பிடிக்கும். சந்தேகம் இருந்தால், மேடையின் அடியில் ஒரு கருப்புத் தாளை விரித்து, மேலே தெரியும் துளைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். தாளில் பொடி விழுந்திருந்தாலோ வட்டமிடாத புதுத் துளை வந்திருந்தாலோ வண்டு உயிரோடு இருக்கிறது.

அப்போது துளைகளைப் புட்டியால் அடைப்பது நோயை மூடி மறைப்பதாகும். பூச்சு முழுவதையும் தேய்த்து எடுத்து, வெறும் மரத்தில் போரான் கரைசலை அடிப்பக்கத்திலும் வெட்டுமுகங்களிலும் பலமுறை பூசி ஊற விட வேண்டும். எண்ணெயோ படலமோ இருந்தால் கரைசல் உள்ளே போகாது. சமைக்கும் இடமாதலால், உலர்ந்த பிறகு மேற்பரப்பைத் துடைத்து, எல்லாப் பக்கத்தையும் பூச்சால் மூடுங்கள். துளைகளை அடைத்து மூடிய பரப்பில் வண்டு மீண்டும் முட்டையிட வழி இருக்காது. பலகையை விரல் மடக்கித் தட்டும்போது பொள்ளென்று ஒலித்தால் மருந்துக்குக் காலம் கடந்துவிட்டது. அந்தப் பலகையை வீட்டிலுள்ள மற்ற மரச்சாமான்களுக்குப் பரவுவதற்குள் அகற்றிவிடுங்கள்.

வெள்ளைக் கோடு, மஞ்சள் பொட்டு, கடினமான கருநரம்பு

மெரந்தியில் காணும் வெள்ளைக் கோடுகள் பிசின் நிறைந்த குழாய்கள். மெர்பாவில் கந்தகப் பொடி தூவியது போல மஞ்சளாகத் தெரிவது அதன் துளைகளில் படிந்த இயற்கைப் பொருள். இரண்டையும் விட்டுவிடுங்கள். மெர்பாவின் வேறொரு குணத்துக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும்: ஈரம் பட்டால் செம்பழுப்புச் சாயம் வடிந்து, கீழேயுள்ள வெள்ளை ஓட்டிலும் சுவரிலும் கறையாகும். வெட்டுமுகங்களை மூடாத மெர்பாவு மேடையில் இது நிச்சயம் நடக்கும். கெம்பாஸில் குறுக்கிடும் கடினமான கருநரம்பு மரத்தோடு வளர்ந்த வேறொரு திசு. அதன் ஓரத்தில் மயிரிழைக் கீறல் வரலாம். எபாக்ஸியால் அடைத்துத் தேதிக் குறியிட்டு வைத்தால் போதும்.

புட்டியைச் சுற்றிக் கறுப்பு, புட்டியின் மேல் மஞ்சள்

கழுவுதொட்டியின் அருகே புட்டியைச் சுற்றி நீலம் கலந்த கறுப்பு பரவினால், மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் தண்ணீரும் சேர்ந்துவிட்டன என்று பொருள். அடியிலுள்ள இரும்புத் திருகோ, பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச்சுருளிலிருந்து உதிர்ந்த துகளோ காரணமாகலாம். கம்பிச்சுருளை மரமேடைக்கு அருகில் கொண்டு போகவே கூடாது. பூச்சை நீக்கி, ஒரு லிட்டர் வெந்நீரில் ஏறத்தாழ 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலத்தைக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, கறையின் மேல் மட்டும் இல்லாமல் அந்தப் பலகைத்துண்டு முழுவதிலும் பூசுங்கள். கறை மறைந்ததும் சுத்தமான தண்ணீரால் பலமுறை துடைத்தெடுங்கள். அது நச்சுப்பொருள், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிய வேண்டும், காய்ந்த படிவை உப்புத்தாளால் தேய்த்துத் தூசியாக்கக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் மீதியை வைத்திருக்கக் கூடாது. அமிலத்துக்கும் அசையாத கறுப்பு பெரும்பாலும் பூஞ்சை. அங்கே நீர்க்கசிவை நிறுத்தாமல் எதுவும் பலிக்காது.

புட்டியின் மேல் மட்டும் மஞ்சள் ஏறியிருந்தால் அது சமையலறை மஞ்சள்தான். சுற்றியுள்ள மரம் எண்ணெயால் மூடியிருக்க, தண்ணீர் கலந்த புட்டியின் நுண்துளைகள் திறந்தே இருப்பதால் குழம்பும் மஞ்சள்நீரும் அதில் ஊறும். மஞ்சளின் நிறம் வெயிலில் தானே வெளுக்கும். சன்னல் வழியாக வெளிச்சம் படும் இடமானால் சில நாட்கள் சமையல் சாமான்களை ஒதுக்கி வைத்துப் பாருங்கள். பிறகு புட்டியின் மேல் மெல்லிய ஷெல்லாக் பூசி, அதன்மேல் எண்ணெய் பூசினால் மீண்டும் ஏறாது. நம் சமையல் நடக்கும் வீடுகளில் மேடைக்குத் தண்ணீர் கலந்த புட்டியைவிட எபாக்ஸியே பொருத்தமானது என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த வேலைக்குப் பிறகும் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். உலரும் எண்ணெய் தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் நனைத்து எறியுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள்.

சரிசெய்யாமல் கடைக்காரரிடம் திருப்ப வேண்டியது எப்போது

ரப்பர் மரப் பலகையை ஏஏ, ஏபி, ஏசி என்ற தரங்களில் விற்பார்கள். முதல் எழுத்து மேற்பக்கத்தையும் இரண்டாவது எழுத்து அடிப்பக்கத்தையும் குறிக்கும். ஏசி தரத்தின் அடிப்பக்கத்தில் கணுவும் புட்டியும் இருப்பதை யாரும் குறையாகக் கொள்ள முடியாது. அந்தப் பலகையைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தால் குறை பொருத்தியவருடையது. ஏ தர மேற்பக்கத்தில் புட்டித் திட்டுகள், உயிருள்ள உளுப்பு, பிரிந்த நீள இணைப்பு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் வெடிப்பு ஆகியவை இருந்தால் நீங்கள் சரிசெய்ய முனையாதீர்கள், கை வைத்த பிறகு உங்கள் கோரிக்கை வலுவிழந்துவிடும். ரசீதில் தரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பலகை வந்திறங்கிய அன்றே இரு பக்கத்தையும் நான்கு விளிம்புகளையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அதைச் சமையலறையிலேயே அடியில் கட்டைகள் வைத்து ஒரு வாரமாவது கிடத்தி, காற்றுக்குப் பழக விட்ட பின்பே தொட்டிக்கான துளையை வெட்டச் சொல்லுங்கள். துளை வெட்டிய பலகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் கடை அரிது.